மூன்றெழுத்து அட்டை

பாஞ்சாலி: "அம்மா, என் கட்டில்ல மட்டும் எதுக்கு மூணு எழுத்து அட்டை மாட்டியிருக்காங்க?" இப்படித்தான் கேட்டாக்கா எங்க கோகிலா, ஆபரேஷன் அன்னைக்கு.

சகாயராணி: நீ என்னா சொன்ன?

பாஞ்சாலி: உன் பேரைத்தான் இங்கிலீஷ்ல சுருக்கி எழுதியிருக்காங்கடின்னு சொன்னேன்.

சகாயராணி: கோகிலவாணியில என்.பி.எம். எங்க இருக்குது?

பாஞ்சாலி: அதையேதான் அவளும் கேட்டா! ரெண்டாங்கிளாஸ் படிக்கறாளே... பேசாம தின்னுடின்னு பன்னைப் பால்ல முக்கி வாய்கிட்ட கொண்டு போனேன். நீங்க எங்கிருந்தோ பாஞ்சு வந்து...

சகாயராணி: புடுங்கினேன். அதுக்கு நீ பேசின பேச்சு இருக்குதே!

பாஞ்சாலி: ஐயோ, அதை விடுங்கக்கா...

சகாயராணி: "கொழந்தை வாயில வெக்கறதப் புடுங்கறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா"ன்னு கத்தின. வார்டே திரும்பிப் பாத்துச்சு.

பாஞ்சாலி: எனக்கு என்னாக்கா தெரியும்? சிஸ்டர் வந்து சொன்னப்ப நான் ரத்தம் டெஸ்ட் பண்ண சீட்டு வாங்கப் போயிருந்தேன்.

சகாயராணி: 'நில் பை மவுத்'தாம். மயக்க ஊசி போடறப்ப வயித்துல ஏதாச்சும் இருந்தா, மேல வந்து மூச்சை அடைச்சுக்குமாம். அதனால சொட்டுத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது.

பாஞ்சாலி: அத்தனையும் மூணே எழுத்துலயா? முழுசா எழுதினா மை தீந்துடுமா?

சகாயராணி: சிரிக்க வெக்காதடி, புள்ள முழிச்சிக்குவான். எனக்கும் போன வாரம்தான் தெரியும். ஜோஸ்வினுக்கு மாட்டினப்ப கேட்டு வெச்சிக்கிட்டேன். அப்பறம் காய்ச்சல்னு தள்ளிப் போட்டாங்க. இன்னைக்காவது கூப்புடணும் மாதாவே... காலையிலேர்ந்து தண்ணி தண்ணின்னு கேட்டு அழுது, இப்பத்தான் கண்ணசந்தான்.

பாஞ்சாலி: கூப்புடுவாங்கக்கா. நீங்க போயி ரெண்டு வாய் சாப்புட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்.

சகாயராணி: நான் சாப்புட்டாச்சு.

பாஞ்சாலி: எப்ப?

சகாயராணி: ...அப்பவே.

பாஞ்சாலி: எங்க கோகிலாவுக்கு ஆபரேஷன் அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க.

சகாயராணி: அன்னைக்கும் சாப்புட்டேன்டி. நல்லாவே சாப்புட்டேன்.

பாஞ்சாலி: சரிங்க... சரிங்க.

சகாயராணி: ஆமா, சோத்து நேரம் ஆயிடுச்சு, இன்னைக்கு வார்டுல கொழம்பு வாசனையே காணமே? ஜோஸ்வினும் கேட்டான், "இன்னைக்கு யாருக்குமே பசிக்கலையாம்மா"ன்னு.

பாஞ்சாலி: வெயிலுக்கா... எல்லாரும் மோரும் கஞ்சியுமா முடிச்சிருப்பாங்க.

சகாயராணி: கோகிலா எங்க? கட்டில் காலியாக் கெடக்குது.

பாஞ்சாலி: அவங்கப்பா மரத்தடிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காரு. உள்ள புழுக்கமா இருக்குதுல்ல...

சகாயராணி: உங்கள எப்ப வூட்டுக்கு அனுப்புவாங்களாம்?

பாஞ்சாலி: அனுப்பறப்ப அனுப்பட்டும். எனக்கு என்னா அவசரம்?

சிஸ்டர்: ஜோஸ்வின் அம்மா! தியேட்டருக்குக் கூப்புடறாங்க. பையன் எதுவும் சாப்புடலையே?

சகாயராணி: சொட்டுத் தண்ணிகூட இல்லைங்க சிஸ்டர். பாஞ்சாலி, என் பை...

பாஞ்சாலி: பையும் இருக்கும், நானும் இருப்பேன். நீங்க போங்க.

சகாயராணி: தனியாப் போறேன்டி. அவங்கப்பாவுக்குக்கூட ஓசூர் கம்பெனியில லீவு குடுக்கல...

பாஞ்சாலி: உங்க மாதா முன்னால போறாங்க, எங்க முருகன் பின்னால வர்றாரு. அப்பறம் என்னா? தைரியமாப் போங்கக்கா.

சிஸ்டர்: ஏம்மா பாஞ்சாலி, உன் பொண்ணுக்குக் காலையிலேயே டிஸ்சார்ஜ் போட்டாச்சு. உங்க ஊரு வத்தல்மலை பஸ்ஸும் போயிருக்கும். நீ இன்னும் இங்க என்னா பண்ற?

பாஞ்சாலி: மெதுவாப் பேசுங்க சிஸ்டர். அந்தக்கா வாசல் தாண்டட்டும்.

சிஸ்டர்: எல்லாக் கட்டில்காரங்களும் சாப்பாட்டை எடுத்துக்கிட்டு வெளிய போயிருக்காங்க. கேட்டா, நீதான் சொன்னியாம்!

பாஞ்சாலி: பச்சப்புள்ள சிஸ்டர். பக்கத்துல ஒருத்தங்க ரசம் ஊத்தித் தின்னா எப்படித் தாங்குவான்?

சிஸ்டர்: சரிதான்... இப்பத்தான் அவன் போயிட்டானே. நீயும் போயி சாப்புடு.

பாஞ்சாலி: அன்னைக்கு எங்க கோகிலா கண்ணு முழிக்கற வரைக்கும் அந்தக்கா டிபன் பாக்ஸைத் தொறக்கவே இல்லைங்க சிஸ்டர். நான் பாக்கலன்னு நெனச்சிக்கிட்டாங்க... ஜோஸ்வின் கண்ணு முழிக்கட்டும். அதுவரைக்கும் அந்த அட்டை எனக்கும் சேத்துதான். அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.