கரை வரைக்கும் நீச்சல்

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீற்றில் இருந்தார்கள்.

“மாமாட அஸ்தியைக் கரைச்ச கையோட இவர் வள்ளத்திலயிருந்து கடலுக்குள்ள குதிச்சிட்டார், அக்கா.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ஐயோ! தவறி விழுந்திட்டாரோ?”

“இல்லை, குதிச்சவர். முகத்துவாரக் கரை வரைக்கும் நீந்தியே வந்தவர். அடுத்த கிழமை ட்ரையத்லோன் போட்டி. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூண்டும். கடைசிக் கடும் பயிற்சி இந்தக் கிழமைதானாம், ஒரு நாளும் விடேலாதாம்.”

“கடவுளே! சொந்தக்காரர் எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கேக்கயோ?”

“ஐயரே வாயைப் பிளந்துகொண்டு நிண்டவர்.”

“மாமி ஒண்டும் சொல்லேல்லையோ?”

“மாமியோ? அவதான் மாமாட ஸ்டொப்வொட்சைக் கையில பிடிச்சுக்கொண்டு கரையில நிண்டவ. ‘அவர் இருந்தா அவர்தானே பிள்ளைக்கு நேரம் பாப்பார்’ எண்டு சொன்னவ.”