கூரையின் கோடு

கார் கழுவும் வாளியில் சோப்புத்தூள் போடக் கூடாது, பெயின்ட் மங்கிவிடும். இதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பொறுமையாகவே சொல்லியிருக்கிறேன். நான் கோபக்காரன் என்று திண்டுக்கல்லில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

அது இருவர் மட்டும் அமரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார், அப்பா வாங்கியது. முன்கண்ணாடியின் விளிம்பில் எழும் கோடு கூரையாகி, வால்வரை எங்கும் முறியாமல் இறங்கும். எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் வளைவைவிட்டு வெளியேறும்போது அது பாய்கிற பாய்ச்சலை வேறு காரில் காண முடியாது. ஆனால் வேகத்தோடு வளைவுக்குள் நுழைந்தபின் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் பாரம் முன்னால் சாயும். பின்புறம் பிடியிழந்து சுழலும். சிலர் இதைக் குறை என்பார்கள். நான் ஒழுங்கு என்பேன்.

அப்பா காரைத் தங்கை தீபாவுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அவள் கணவர் பழனிக்குமாருக்கு வடமதுரையில் கல்யாண மண்டபம். ஊர்வலத்துக்குத் திறந்த கார் வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"கூரையை மட்டும் அறுத்துட்டாப் போதும் மச்சான். பொண்ணும் மாப்பிள்ளையும் நின்னுக்கிட்டே கும்பிடலாம். பட்டறையில சொல்லிட்டேன்."

வேண்டாம் என்றேன். வேறு கார் வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். சிரித்தார்.

ஞாயிறு மதியம் காரை எடுக்க வந்தார்கள். அவர் அதை ஓட்டியதே இல்லை, சொல்லிக்கொடுக்கச் சொன்னார். கியர், பிரேக் எல்லாம் சரியாகவே சொல்லிக்கொடுத்தேன். கடைசியாக, "நல்லா மிதிங்க மாப்ளே. வளைவுல பயமா இருந்தா மட்டும் வெடுக்குன்னு காலை எடுத்துருங்க" என்றேன்.

"அம்புட்டுத்தானா? இதுக்கா இம்புட்டு வருசம் சாவியக் கண்ணுல காட்டாம வச்சிருந்தீங்க?"

தீபா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "என்னையக் கட்டிக் குடுத்தப்பகூட நீ இப்படி நிக்கலையேண்ணே."

அவள் பஸ்ஸில் போவதாகத்தான் பேச்சு. சட்டென்று மனம் மாறி அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கதவை நான்தான் சாத்தினேன், மெதுவாக. அந்தக் கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது.

குளக்கரை வளைவில் கார் சுழன்று பக்கவாட்டில் புளியமரத்தில் மோதியது. இருவரும் அங்கேயே இறந்தார்கள். பழைய வண்டி, இயந்திரக் கோளாறு என்று வாகன ஆய்வாளர் முடிவு சொல்லிவிட்டார். அதை என்னால் ஏற்க முடியாது. அதனால்தான் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு அல்ல. பழனிக்குமாரைக் கொன்றது நான். தீபாவையும் நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் கோளாறு என்ற சொல் அந்த வண்டிமேல் இருக்கக் கூடாது. தன் வடிவமைப்புக்கு அது கடைசிவரை உண்மையாக இருந்தது.

போய்ப் பாருங்கள். கதவுகள்தான் நசுங்கியிருக்கின்றன, கூரையின் கோடு அப்படியே இருக்கிறது. அப்பா என் தங்கைக்குக் கொடுத்ததை நான் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறேன்.