குங்குமம் வெச்ச டியூப்

ஹலோ... ஹலோ, மாமா! நான்தான், இளமதி... லேப்லேர்ந்துதான். கூரியர் வந்துடுச்சின்னு மெசேஜ் போட்ட, அப்புறம் ஆளையே காணோம்! பார்சல் எங்க?... ம்... ம்... பிரிச்சிட்டியா? யாரு பிரிக்க சொன்னது?

...சரி சரி, கோவம் இல்ல. சொல்லு.

...ஆமா, ஆமா. அவ்ளோ பெரிய தெர்மாகோல் டப்பாவுல அந்த இத்துனூண்டு டியூப்தான். அதுக்குத்தான் மூணு மாசம் காத்திருந்தேன்... உனக்குக்கூட அவ்ளோ நாள் காத்திருக்கல, போ.

...ஊசி போடற மருந்தா? இல்லவே இல்ல! எத்தன தடவ சொல்றது? தசை சுருங்கணும்னா உள்ள கால்சியத்த தொறந்துவுடணும். அதுக்கு ஒரு கதவு இருக்கு. இந்த ஆன்டிபாடி அந்தக் கதவத் தேடிப் போயி அதுல மட்டும் ஒட்டிக்கும். மேல கலர் ஏத்தினா மைக்ராஸ்கோப்ல பச்சையா மின்னும்... எலி தசைதான். உன் தசை இல்ல, பயப்படாத.

...சரி, இப்ப டியூப் எங்க? ஃப்ரிட்ஜ்லதானே?

...சாமி படத்துக்கு முன்னாடியா!

...இரு, இரு. எவ்ளோ நேரமா?... பத்து நிமிஷமா? வெளக்கு எரியுதா?... டியூப எடு மொதல்ல! ஃப்ரிட்ஜ்ல வை. ஃப்ரீசர்ல இல்ல, கீழ. ஓடு, லைன்லயே இருக்கேன்.

...வெச்சிட்டியா? சில்லுன்னு இருந்துச்சா?... ஓ, ஐஸ் பொட்டலத்து மேலயே நிக்க வெச்சிருந்தியா? அப்பாடா. அந்த மட்டும் புத்தி இருந்துச்சே.

...என்னா? குங்குமமா? டியூப்லயா?... ஐயோ! புது வண்டி டெலிவரி எடுத்த மாதிரியே பண்ணியிருக்க. மெக்கானிக்குக்கு வாக்கப்பட்டா இதான். எலுமிச்சம்பழம் வெச்சி நசுக்கல இல்ல?... சிரிக்காத! நாளைக்கு ஒரு நாள்தான் எனக்கு மைக்ராஸ்கோப். வுட்டா ரெண்டு மாசம் ஆவும். அதுக்குள்ள கைடு தலைப்பையே மாத்த சொல்லிடுவாரு.

...டியூப் லேபிள்ல நம்பர் தெரியுதா?... ஓ, மூடியிலதான் வெச்சியா. சரி, நல்லா தொடச்சிட்டு, ஐஸோட டப்பாவுல போட்டு, பதினோரு மணி ரயில புடி. திருப்பாப்புலியூர்லயே ஏறிடு. பஸ் வேணாம். இன்னிக்கி இங்க தேரு, ரோடு பூரா கூட்டம். எங்க டிபார்ட்மென்ட் ஆபீஸ் லீவுன்னுதானே கூரியரையே வூட்டுக்கு வர வெச்சேன்... ஆமா, ஆமா, சிதம்பரம் ஸ்டேஷன்ல நிப்பேன். கிரீஸ் கையோட வராத!

...ஆமா, ஒண்ணு கேக்கணும். சாமிகிட்ட என்னா வேண்டிக்கிட்ட? மைலேஜ் குடுக்கணும்னா?

...

...ம்.

...ஆமா. போன டியூப் ஒட்டவே இல்ல. நாலு மாசம், எந்தப் படத்த எடுத்தாலும் ஒரே கருப்பு... நான் பாத்ரூம்ல அழுதது உனக்குக் கேட்டுச்சா?... ஒண்ணுமே சொல்லலியே நீ அப்ப.

...இந்த தடவயாவது ஒட்டணும்னா? அத மட்டுந்தானா கேட்ட? கதவு என்னா, ஜன்னல் என்னான்னே தெரியாம...

...இல்லியே. ஏசி ரூம் இல்ல? அதான் கொரல் அப்பிடி இருக்கு.

...ம்... என்னா சத்தம்? தண்ணியா?... தொடைக்கப் போறியா? வேணாம், வேணாம் மாமா. மூடியிலதானே இருக்கு... அப்பிடியே இருக்கட்டும். அப்பிடியே எடுத்துட்டு வா.

...வெச்சிடறேன்.