வரைபடத்தில் காணாத கதவுகள்

வாயில்களுக்கு வரிசை வகுத்த வரைகலை வல்லவரே! சன்னல்களுக்குச் சீர் சமைத்த சலியாத உழைப்பாளரே! கட்டப்படாத கட்டடத்துக்குள்ளும் மனத்தால் நடந்து பார்த்து, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்தால் எவர் மூக்கு தப்பும் என்று முன்கூட்டியே மொழிந்த மூத்தவரே! எங்கள் வரைகலைப் பிரிவின் தலைமகனே! தங்களுக்கு எங்கள் வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் பண்புகளை அடுக்கி, பணியாண்டுகளைக் கூட்டி, இடையிடையே 'என்னே!' சேர்த்து முடிக்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும், ஐயா. அப்படித்தான் எழுத உட்கார்ந்தோம். ஆனால் சென்ற மாதம் நம் அலுவலகத்தைப் பிடித்து ஆட்டிய ஒரு குழப்பம் எங்கள் பேனாவையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குக் காரணம் தாங்களே. இந்த நிமிடம் வரை தங்களுக்கே அது தெரியாது. ஆகவே பொறுமையோடு கேட்டருள வேண்டுகிறோம்.

நம் தொழிலை அறியாதவர்களும் அவையில் இருப்பதால் ஒரு சொல் விளக்கம். கணினியில் வரைந்த ஒவ்வொரு கதவின் அருகிலும் ஒரு வட்டமிட்டு அதற்குள் ஓர் எண் இடுவோம். அதற்கு டேக் என்று பெயர். டேக் போட்ட கதவு சன்னல்களை எல்லாம் மென்பொருளே பொறுக்கியெடுத்து, அகலம், உயரம், திறக்கும் பக்கம், குறிப்பு என்று அட்டவணையாக்கித் தந்துவிடும். மரப்பட்டறை அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் மரத்தை அறுக்கும். 'குறிப்பு' என்ற கட்டத்தை உலகமே காலியாக விட்டாலும் தாங்கள் விட்டதில்லை. "யாரு திறப்பாங்க? அதை முதல்ல சொல்லு, அப்புறம் டேக் போடு" என்று தாங்கள் கேட்காத நாளில்லை, அந்தக் கேள்விக்குப் பயந்தே எங்களில் சிலர் ஒழுங்காக வேலை கற்றோம்.

தங்கள் கடைசிப் பணி ஒரு மருத்துவமனை. அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் எங்கள் பூதக்கண்ணாடி. எறும்பு அளவு பிழையையும் யானையாக்கிக் காட்டுவதால் தாங்களே அந்த அம்மையாருக்குச் சூட்டிய பெயர் அது. தங்கள் நாற்காலிக்கு வரவிருக்கும் அவர் போட்ட முதல் கையெழுத்தும் அதுதான். வரைபடம் போயிற்று, அட்டவணையும் போயிற்று. ஒரு வாரம் கழித்து மரப்பட்டறைக்காரர் போன் செய்தார்.

"ஏம்மா, இது ஆஸ்பத்திரிதானே?"

"ஆமாங்க. ஏன் கேக்கறீங்க?"

"ஒரு கதவுக்கு, 'கையில வாளி இருக்கும், தோளால தள்ளினாலே திறக்கணும்'னு போட்டிருக்கு. அங்க டாக்டரே துணி துவைக்கிறாரா?"

பூதக்கண்ணாடி சிரித்துவிட்டார். பட்டறைக்காரர் விடவில்லை.

"இன்னும் கேளும்மா. ஒரு ஜன்னலுக்கு, 'பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்க்கிறார், கீழ்ப்பாதி மங்கல் கண்ணாடி'ன்னு இருக்கு. ஆபரேஷனை எட்டிப் பார்க்க யாரு வர்றா?"

பூதக்கண்ணாடி போனை வைத்தார். வரைபடத்தை மேசையில் விரித்தார். அட்டவணையில் இருந்த அந்த எண்களைத் தாளில் தேடினார். வரவேற்பறையில் இல்லை, மருந்தறையில் இல்லை, மாடிப்படியின் அடியிலும் இல்லை. அட்டவணையில் கதவு இருக்கிறது, கட்டடத்தில் இல்லை! குறிப்புகளோ தங்கள் நடை, தங்கள் கை. ஒன்று தன் கண் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐயாவின் நிதானம் போயிருக்க வேண்டும் என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

எங்களை அழைத்துக் கதவைச் சாத்தினார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். மென்பொருளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார் ஒருவர். ஆஸ்பத்திரிக் கட்டடம், பேய்க்கதவாகக்கூட இருக்கலாம் என்றார் இன்னொருவர்.

"வாயை மூடுங்க. விஷயம் முதலாளி காதுக்குப் போச்சுன்னா ஐயா பேரு கெட்டுடும். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேரு, கடைசி மாசத்துல போகணுமா?" என்று பூதக்கண்ணாடி சீறினார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியதை நாங்கள் பார்த்தோம், ஐயா.

அன்றிலிருந்து அவர் வேலையைப் பார்க்கவில்லை, தங்களைப் பார்த்தார். தாங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் கவலை. துடைக்காவிட்டால் அதைவிடக் கவலை. ஒருநாள் நேரே வந்து, "ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? தாங்கள் நிமிர்ந்தும் பார்க்காமல், "ஏம்மா, லீவு வேணுமா?" என்றீர்கள். புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று ஆறுதலடைந்தார். அப்படியானால் அந்தக் கதவுகள் எங்கிருந்து வந்தன என்று முன்னைவிடக் குழம்பினார்.

கடைசியில் அவர் விரல் தவறி, கோப்பில் உள்ள அனைத்தையும் திரையில் காட்டும் கட்டளையைத் தட்டியது. மருத்துவமனை தீப்பெட்டியளவு சுருங்கியது. திரையின் கோடியில், கடுகு போல ஒரு புள்ளி. அதைப் பெரிதாக்கினார். ஒரு சின்ன வீடு! அறைக்கு அறை டேக் போட்ட, பெயரில்லாத வீடு.

அட, இதுதானா! நம் பிரிவில் யார் செய்யாத வேலை இது? மைத்துனர் வீட்டு அலமாரியை மாநகராட்சிப் பள்ளிக் கோப்பின் மூலையில் வரைந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். டேக்கும் அட்டவணையும் அங்கே தயாராக இருக்கும், 'அப்புறம் தனி ஃபைலாக்கிக்கலாம்' என்போம், மறப்போம். தாளில் அச்சிடும்போது அந்த மூலை வராது. ஆனால் அட்டவணை எடுக்கும்போது மென்பொருள் கோப்பு முழுவதையும் வாரிவிடும். அதற்கு உன் வீடு, என் வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் ஒன்றுதான்.

பூதக்கண்ணாடி அந்த வீட்டைத் தனிக் கோப்புக்கு மாற்றி, திருத்திய அட்டவணையை அனுப்பினார். "கொஞ்சம் லேட்டும்மா, அந்தக் கதவு ஜன்னலெல்லாம் செஞ்சாச்சு. அறுத்த மரத்தை ஒட்டவா முடியும்?" என்றார் பட்டறைக்காரர். மருத்துவமனை தப்பியது. ஆனால் அது யார் வீடு? தங்கள் எழுத்துத்தான். தாங்கள் வீடு கட்டுவதாக ஒரு வார்த்தை சொன்னதில்லையே! கேட்டால் தாங்கள் கூசிப்போவீர்கள் என்று கேட்காமலே இருந்தோம்.

இன்றைய விழாவுக்கு அழைக்கத் தங்கள் இல்லத்துக்குப் பூதக்கண்ணாடிதான் போனார். தாங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். துவைக்கும் இடத்திலிருந்து தங்கள் துணைவியாரான அம்மா அவர்கள் இரண்டு கையிலும் வாளியோடு வந்தார்கள். கதவு திறக்கவில்லை. ஒரு வாளியைக் கீழே வைத்தார்கள், இழுத்தார்கள், அது வந்து வாளியிலேயே இடித்தது. சன்னலின் கீழ்ப்பாதியில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. வாசல் கம்பிக்கதவின் தாழ்ப்பாளை அம்மா கையால் தொடவில்லை. குடைக்காம்பால் எட்டித் தள்ளினார்கள்.

பூதக்கண்ணாடி அந்தத் தாழ்ப்பாளையே பார்த்தார். அட்டவணையின் கடைசிக் குறிப்பு அவருக்கு மனப்பாடம்: 'தாழ்ப்பாள் இடுப்பு உயரத்தில் வேண்டும். வலது கை மேலே போகாது. சொல்ல மாட்டாள்.'

"அக்கா, தோள் வலியா?" என்று கேட்டார்.

"ரொம்ப நாளா இருக்கும்மா. அவருக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. சொன்னா மட்டும் என்ன? ஊருக்கெல்லாம் கதவு போடுறாரு. எனக்காக இந்த வீட்டுல ஒரு ஆணி அடிச்சிருப்பாரா?"

பூதக்கண்ணாடி நாக்கைக் கடித்துக்கொண்டார். அழைப்பிதழை நீட்டிவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை வந்துவிட்டார்.

ஐயா, புதிதாக வீடு கட்டத்தான் வரைகிறீர்கள் என்று எண்ணி ஏமாந்தோம். தாங்கள் வரைந்தது வாழும் வீட்டை. அம்மாவின் ஒவ்வொரு முணுமுணுப்பையும் ஒரு டேக்காக்கி, ஓய்வு பெற்றதும் ஒவ்வொன்றாய் மாற்ற எண்ணியிருக்கிறீர்கள். இதைச் சபையில் சொல்லலாமா, கூடாதா என்று நேற்றுவரை வாதாடினோம். முடிவை எட்டவில்லை. சொல்லிவிட்டோம், தவறென்றால் பொறுத்தருள்க!

ஓசையின்றித் திறக்கும் கதவு போல் தங்கள் ஓய்வுக் காலம் இனிதே திறக்கட்டும்! காற்றும் வெளிச்சமும் குறையாத வீட்டில், கைகால் நோவின்றி, இருவரும் நெடுநாள் நலமோடு வாழ்க!

மேடையின் பின்திரையை விலக்கினால், பட்டறைக்காரர் செய்த கதவு சன்னல்கள் அனைத்தையும் காண்பீர்கள். எங்கள் எல்லோருடைய பரிசும் அதுவே. சமையலறைச் சன்னல் மட்டும் இல்லை. அதற்குத் தாங்கள் அளவு எழுதவில்லை, 'எந்தச் சுவரில் என்று அவளைக் கேட்க வேண்டும்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் கேட்டுவிடுங்கள். முதல் கதவைச் சட்டத்தோடு மேடையில் நிறுத்தியிருக்கிறோம். யார் திறப்பார்கள் என்று தாங்கள் கேட்பதற்கு முன் நாங்களே சொல்கிறோம்: அம்மா அவர்கள் மேடைக்கு வந்து திறக்க வேண்டுகிறோம். கையைத் தூக்க வேண்டாம், அம்மா. தோளால் தள்ளினாலே போதும்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவா வரைகலைப் பிரிவினர்

சரிபார்த்தவர்: பூதக்கண்ணாடி