ஆற்றங்கரையில் இருந்த சனம்

புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், அஜின்கோர்ட் போகும் பஸ்ஸில் என் முன்சீற்றில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஓவியக் கண்காட்சி பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“இஞ்சாருங்கோ, அந்த ஆத்தங்கரைப் படத்தில இருந்த சனம் எங்கயிருந்து இடம்பெயர்ந்ததுகள்?” என்று மனைவி கேட்டாள்.

“இடம்பெயரேல்லையப்பா. பிரான்ஸ்காரர். ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் வந்திருக்கினம்.”

“சாப்பாட்டுக் கூடை, பிள்ளையள், எல்லாம் மரத்துக்குக் கீழ கிடந்ததே?”

“ஓம், பொழுதுபோக்கத்தான்.”

“முகமொண்டும் வடிவாத் தெரியேல்லை. அக்காவையளும் ஊரில சண்டைக்கு இடம்பெயர்ந்து சாவகச்சேரியில இப்ப உப்பிடித்தானே மரத்துக்குக் கீழ கிடக்கினம்.”

கணவன், “வாற ஞாயிறு நாங்களும் பார்க்குக்குப் போவமே?” என்றான்.

“போய் என்ன செய்யிறது?”

“சும்மா புல்லில இருப்பம்.”

“ஆரும் எழும்பிப் போகச் சொல்லமாட்டினமோ?”



“தெரியேல்லையப்பா,” என்றான்.