பாகல் பந்தலுக்கு ஆறடிக் கம்பு

இன்னும் கொஞ்சம் நேராப் பிடி, யாபிகு. சாயுது பாரு. ம், அப்படியே. ஆழமா இறக்கணும், இல்லன்னா முதல் புயலுக்கே பந்தல் கடலுக்குப் போயிரும்.

என்ன, மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கே? ஆமா, உங்க வாத்தியாரு கம்புதான். நாப்பது வருசமா சண்டைப் பயிற்சின்னு உங்களையெல்லாம் சுத்த வெச்சாரே, அதேதான். பாகக்கொடிக்கு ஆறடி சரியா இருக்கு. நுனிய நானே ரம்பத்தால சீவுனேன். ஓக் மரம் லேசுல அறுபடுமா? ஒரு கம்புக்கு ஒரு காலைப்பொழுது போச்சு.

அவரப் பாக்கத்தானே வந்தே, பாக்கலாம். எம்புருசன் எங்கயும் போயிர மாட்டாரு. மொதல்ல இத முடிச்சுக் குடு. பீர்ப் பெட்டி மேல ஏறி நின்னு, பிடிக்கவும் அடிக்கவும் ஒத்தையா முடியல எனக்கு.

விக்கலாமாவா? நாஹா டவுன்லேர்ந்து ரெண்டு பேரு வந்து கேட்டாங்க. கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் கும்பிடப் போறாங்களாம். குடுக்கல.

டோன்ஃபாவா? அந்தக் கைப்பிடி வெச்ச கட்டைங்கதானே? குளியலறைக் கதவு ஆடுதுன்னு ஒண்ண அடியில சொருகிட்டேன். இன்னொண்ணாலதான் இப்ப அடிச்சிட்டிருக்கேன். தெரியலயா உனக்கு? அன்னிக்கு உன் கையில இருந்ததுதான். எம்பொண்ணு நத்சுயெ விரல்ல விழுந்ததும் இதுதான்.

ஏன் தலையக் குனியறே? கம்ப விட்டுராத.

உன்னக் குத்தம் சொல்லலப்பா. வாத்தியாரு அடின்னாரு, நீ அடிச்சே. எம்பொண்ணு தடுக்கற கைய இறக்கிட்டாளாம், அவளுக்குப் புத்தி வரணுமாம். பத்தொம்பது வயசு. முடி வெட்டுற வேல கத்துக்கிட்டிருந்தா, அடுத்த மாசம் பரிச்ச. மூணு விரலு. ஒடஞ்ச சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. ஓடி வந்து பாக்கறேன், நீங்க பன்னெண்டு பேரும் வரிசையா மண்டி போட்டு அவருக்கு வணக்கம் வெச்சிட்டிருக்கீங்க. அவ சுவரோரமா கையப் பிடிச்சிட்டு நிக்கறா. அழல. அழுதா மறுபடி உன் எதிர்ல நிக்கச் சொல்லிருவாருன்னு பயம்.

அப்புறம் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? உங்க எல்லாருக்கும் மல்லிகை டீ ஊத்துனேன். நீ ரெண்டு கப் குடிச்சே.

ஒம்பது வருசம் ஆச்சு. ஒசாகாவுல ஒரு லாண்டரியில துண்டு மடிக்கறா. நான் போன் பண்ணா எடுக்கறதில்ல. சரி, இது நின்னுரும். அடுத்தத எடு.

ஆமா, பக்கவாதம்தான். ஜனவரியில. வலது பக்கம் முழுக்கப் போச்சு, பேச்சும் போச்சு. கண்ணும் காதும் நல்லாருக்குன்னு டாக்டரு சொன்னாரு. அதனாலதான் கட்டிலத் திருப்பி சன்னலப் பாத்து போட்டேன். திரையையும் கழட்டிட்டேன். அதோ, உனக்குப் பின்னாடிதான். நேத்து மொதக் கம்ப எப்படியோ ஒத்தையா அடிக்கறப்ப, அவருக்கு ஒரு கண்ணுலேர்ந்து மட்டும் தண்ணி வந்துச்சு. உள்ள போயி துடைச்சு விட்டுட்டு, அடுத்தத எடுத்துட்டு வந்தேன்.

திரும்பாத. நீ வாசல்ல நுழைஞ்சதுலேர்ந்து உன்னத்தான் பாத்துட்டிருக்காரு. அவருக்கு ரொம்பப் பிடிச்ச பையன் நீதானே.

நாளைக்கும் வர்றியா? இன்னும் நாலு கம்பு இருக்கு.