ஊருணியில் மண் சுமந்தவள்

தலைமை தாங்கும் சபைக் குரு ஐயரவர்களே, முன்வரிசையில் முறுக்கு மீசையோடு வீற்றிருக்கும் இவ்வூர்த் தலைவர் உடையப்பன் அம்பலம் அவர்களே, சிவகங்கையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் புழுதி குடித்து வந்திருக்கும் சபை மூப்பர்களே, பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சோறு வெந்ததா என்று பந்தலுக்குப் பின்னே எட்டிப் பார்க்கும் இளஞ்சிங்கங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவார்ந்த தோத்திரம்.

அறுப்பின் பண்டிகைக்கு அழைத்தார்கள். 'விசுவாசத்தில் நிலைத்திருத்தல்' என்று தலைப்பும் தந்தார்கள். அந்தத் தலைப்பு இப்போது பந்தலுக்குப் பின்னால் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் பொன்னுத்தாயி.

நிலைத்திருத்தல் என்றால் என்ன? நீட்டி முழக்கி ஜெபிப்பதா? நெஞ்சை நிமிர்த்தி நடப்பதா? பொன்னுத்தாயி அம்மாளுக்கு அது வெறுங்குடத்தோடு நிற்பதாக இருந்தது.

வெளியூர் விருந்தினர்க்காகச் சொல்கிறேன். மழை பொய்த்த அறுபத்தெட்டாம் வருடம். இந்த ஊரிலே இயேசுவை ஏற்றுக்கொண்ட முதல் பெண் அவர். ஊர் கூடியது, விலக்கி வைத்தது. தீர்ப்புச் சொன்னவர் நம் அம்பலம்தான். "ஞாயித்துக்கெழம செபத்துக்குப் போகலன்னு ஒத்த வார்த்த சொல்லு. இல்லாட்டி ஊருணியில கொடத்த எறக்காத."

அம்பலம் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, உங்கள் பங்கு இன்னும் இருக்கிறது.

கூப்பிடு தூரத்தில் குடிநீர் ஊருணி. அதைக் கடந்து, அடுத்த ஊர்க் கிணற்றுக்குக் குடம் சுமந்தார் அந்த அம்மாள். கணவர் மருது கெஞ்சினார். "ஊரோட ஒத்துப் போவோம்த்தா. மனசுக்குள்ள சாமிய வச்சுக்க, வாயில இல்லன்னு சொல்லிரு. பிள்ளைகளுக்குத் தண்ணி வேணும்ல?" அதற்கு அவர், "தண்ணிய நான் சொமந்துக்கிருவேன். பொய்யச் சொமக்க முடியாதுங்க" என்றார். எத்தனை பேருக்கு வரும் அந்தத் துணிவு? எனக்கு வருமா என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

கோடையிலே ஊருணி வற்றியது. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஓர் ஆள் தூர்வார வரவேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். மறுநாள் விடியலில் மண்வெட்டியும் கூடையுமாக வந்து நின்றார் பொன்னுத்தாயி. அம்பலம் திகைத்துப் போனார்.

"ஏத்தா, ஒன்னய யாரு வரச் சொன்னா?"

"தலைக்கட்டுக்கு ஒரு ஆளுன்னாக. எங்க தலைக்கட்டுக்கு நான் வந்தேன்."

"தண்ணி எடுக்கக் கூடாதவளுக்கு இங்க என்ன வேல?"

"தண்ணி எடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னீக மாமா. மண்ணு அள்ளக் கூடாதுன்னு சொல்லலையே. குடிக்கப் போறது நம்ம ஊருப் பிள்ளைகதான."

கைதட்டுகிறீர்கள். அன்று அங்கே யாரும் கைதட்டவில்லை. நிறைந்த மண்கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொரு கை வேண்டும் அல்லவா? விலக்கி வைத்தவளுக்குக் கை கொடுப்பார் யார்? ஆகவே அரைக்கூடை மண்ணை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கரையேறினார். அடுத்தவர் ஒருநடை போனால் இவர் இருநடை போனார். சிலர் ஏசினார்கள், பலர் பார்க்காதவர்போல் இருந்தார்கள், அவர் சுமந்துகொண்டே இருந்தார்.

வேலை முடிகிற நாளன்று, அவர் கூடையை இடுப்புக்குத் தூக்கக் குனிந்தபோது ஒருவர் வந்து நின்றார். மண்ணை வெட்டிக் கூடையை நிறைத்தார். நிறைந்த கூடையை இரு கையாலும் எடுத்து அந்த அம்மாள் தலையில் ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்டவர் யார் தெரியுமா? முன்வரிசை முறுக்கு மீசைதான்.

ஐயா, தலை குனியாதீர்கள். தவறாகத் தீர்ப்புச் சொன்னவர் உண்டு, அதை ஊரறியத் தம் கையாலேயே திருத்தியவர் எத்தனை பேர் உண்டு?

ஐப்பசியில் அடைமழை பெய்து ஊருணி தளும்பியது. அப்போதும் அந்த அம்மாள் உரிமை கேட்டு ஊர் கூட்டவில்லை. வழக்கம்போல் வெறுங்குடத்தோடு அடுத்த ஊருக்குப் புறப்பட்டார். பாதையில் அம்பலம் மறித்தார். "ஏத்தா, அங்குட்டு எங்க போற? ஊருணி இங்குட்டுல இருக்கு." செபத்துக்குப் போகாதே என்ற நிபந்தனையை அவர் சொல்லவே இல்லை. பொன்னுத்தாயி படியிறங்கிக் குடத்தை அமிழ்த்தினார். அழுதுவிட்டார்.

அன்பர்களே, கிணற்றங்கரையில் தண்ணீர் கேட்டவர் நம் ஆண்டவர். சிலுவையிலும் தாகம் என்றவர் அவர். தாகம் அறிந்த தலைவன் தன் பிள்ளையைத் தவிக்க விட்டுவிடுவானா? சோதனை வரும், சொல்லடி வரும், சொந்தமே சோர்ந்து போகும் நாளும் வரும். வரட்டும். மறுதலிக்கவும் வேண்டாம், மறுத்தவரை வெறுக்கவும் வேண்டாம். உங்களுக்கு மறுக்கப்பட்ட ஊருணிக்கும் ஒரு கூடை மண் சுமந்து போடுங்கள்.

பேச வந்தபோதே இந்தச் செம்புத் தண்ணீரை என் முன்னே வைத்தார்கள். இதுவரை நான் தொடவில்லை. இது அந்த ஊருணித் தண்ணீர். காலையிலே மொண்டு வந்தவர் பொன்னுத்தாயி. நீங்கள் உண்ணப் போகும் சோறும் இதில்தான் வேகிறது. தலைவருக்கு நன்றி, தாய்மார்களுக்கு நன்றி, அம்பலத்துக்கு இருமடங்கு நன்றி. என் உரை முடிந்தது, இனி இதைக் குடிக்கிறேன். யாவருக்கும் தோத்திரம், வணக்கம்.